ஸப்ர் (பொறுமை) பழகலாம்: முதல் அடி விழும் நேரத்துக்கான பயிற்சி

வாப்பா (அப்பா) மவுத்தான (இறந்துபோன) செய்தி போனில் வந்தபோது அடுப்பில் பால் இருந்தது. அது பொங்கி வழிந்து அடுப்பை அணைத்தது. உம்மா (அம்மா) அதைப் பார்த்தபடியே நின்றார்கள். பிறகுதான் அழுகை வெடித்தது. பக்கத்து வீட்டுப் பெரியம்மா ஓடிவந்து உம்மாவின் வாயைப் பொத்தி, "ஸபூர் செய்யும்மா, அழக்கூடாது, பாவம்" என்றார். நல்ல மனசோடுதான் சொன்னார். ஆனால் அந்தக் கைக்கு அடியில் உம்மாவுக்கு மூச்சு திணறியதை நான் பார்த்தேன். அழுகையை அடக்குவதுதான் ஸப்ரா (பேச்சில் ஸபூர்) என்று அன்று எழுந்த கேள்விக்காகத் தேடிப் படித்ததை, புதிதாகப் பழகுகிறவர்களுக்காக இங்கே எழுதுகிறேன்.

படி 1: சொல்லைப் புரிந்துகொள்ளுங்கள்

'ஸப்ர்' என்ற அரபுச் சொல்லுக்குத் தடுத்து வைத்தல், பிடித்து நிறுத்துதல் என்பது வேர்ப்பொருள். எதைப் பிடித்து நிறுத்துவது? மூன்றை என்கிறார் மார்க்க அறிஞர் இமாம் இப்னுல் கய்யிம். இறைவனின் விதியின்மேல் கொதிக்காமல் உள்ளத்தை. அவனைக் குறை சொல்லாமல் நாவை. கன்னத்தில் அறைவது, சட்டையைக் கிழிப்பது போன்றவற்றைச் செய்யாமல் கை கால்களை. இந்த மூன்றில் கண் இல்லை என்பதைக் கவனியுங்கள்.

ஸப்ர் துன்பத்துக்கு மட்டும் உரியதும் அல்ல. ஸுப்ஹு தொழுகைக்கு (அதிகாலைத் தொழுகை) தூக்கத்தை உதறி எழுவதும் ஸப்ர். ஹராமான (மார்க்கம் தடுத்த) காசு கைக்கெட்டும் தூரத்தில் இருக்கும்போது வேண்டாம் என்பதும் ஸப்ர்.

படி 2: முதல் வார்த்தையை நாவில் ஏற்றுங்கள்

"இன்னா லில்லாஹி வஇன்னா இலைஹி ராஜிஊன்." நாம் அல்லாஹ்வுக்கே உரியவர்கள், அவனிடமே திரும்பிச் செல்பவர்கள். நம் ஊர்களில் இதை மவுத்துச் செய்திக்கு மட்டுமே வைத்திருக்கிறோம். குர்ஆன் (2:155-156) அப்படிச் சுருக்கவில்லை. பயம், பசி, பொருள் இழப்பு, உயிர் இழப்பு, விளைச்சல் இழப்பு எல்லாவற்றையும் சொல்லிவிட்டு, சோதனை வந்ததும் இப்படிச் சொல்பவர்களுக்கே நற்செய்தி என்கிறது. அதனால் சின்ன விஷயங்களிலேயே தொடங்குங்கள். போன் தண்ணீரில் விழுந்தது, கடன் கொடுத்த காசு வரவில்லை. உடனே பொருளை நினைத்துச் சொல்லுங்கள். இது பழகியிருந்தால்தான் பெரிய அடி விழும்போது நாவு தானாக அங்கே போகும்.

படி 3: நேரத்தைத் தவறவிடாதீர்கள்

ஒரு கபருக்கு (கல்லறைக்கு) அருகில் ஒரு பெண் அழுதுகொண்டிருந்தார். அவ்வழியே சென்ற நபி (ஸல்) அவர்கள், "அல்லாஹ்வை அஞ்சிக்கொள், பொறுமையாக இரு" என்றார்கள். யாரென்று தெரியாமல் அந்தப் பெண், "என்னை விட்டுப் போய்விடும், எனக்கு வந்தது உமக்கு வரவில்லை" என்று சொல்லிவிட்டார். அது நபியென்று பிறகு தெரிந்ததும் அவர்களுடைய வீட்டுக்குப் போனார். வாசலில் காவலர் யாரும் இல்லை. "உங்களை நான் அறியவில்லை" என்றார். நபியவர்கள் சொன்ன பதில்: "பொறுமை என்பது துன்பத்தின் முதல் அடியில்தான்." இது புகாரி என்ற தொகுப்பில் உள்ள ஹதீஸ் (நபிமொழி).

மூன்று மாதம் கழிந்தால் எல்லோருக்கும் மனம் ஆறிவிடும், அதில் நம் முயற்சி எதுவுமில்லை. செய்தி காதில் விழுந்த அந்த முதல் நிமிடங்களில் வாயிலிருந்து என்ன வருகிறது என்பதுதான் கேள்வி.

படி 4: கண்ணீரைத் தடுக்காதீர்கள்

நபியவர்களின் மகன் இப்ராஹீம் பால்குடிப் பருவத்திலேயே இறந்துபோனார். குழந்தையின் உயிர் பிரியும் நேரத்தில் நபியவர்களின் கண்களில் நீர் வழிந்தது. "நீங்களுமா, அல்லாஹ்வின் தூதரே?" என்று நபித்தோழர் அப்துர் ரஹ்மான் இப்னு அவ்ஃப் (ரலி) வியந்து கேட்டார். அது இரக்கம் என்று சொன்ன நபியவர்கள், "கண் நீர் வடிக்கிறது, உள்ளம் வருந்துகிறது. ஆனால் நம் இறைவனுக்குப் பிடித்ததைத் தவிர வேறெதையும் சொல்ல மாட்டோம்" என்றார்கள். உம்மாவின் வாயைப் பொத்திய கையை விலக்க எனக்கு அன்று இந்த ஹதீஸ் தெரியாமல் போனது. இன்றும் அது வலிக்கிறது.

படி 5: முறையீட்டின் திசையை மாற்றுங்கள்

யஃகூப் (அலை) அவர்கள் மகன் யூஸுஃபை இழந்தபோது "அழகிய பொறுமை" (12:18) என்றார்கள். அதே யஃகூப் நபிதான் துக்கத்தால் கண்கள் வெளுக்கும் அளவுக்கு வருந்தினார்கள். "என் கவலையையும் துயரத்தையும் அல்லாஹ்விடமே முறையிடுகிறேன்" (12:86) என்றார்கள். முறையீடே கூடாது என்பதில்லை. அவனைப் பற்றி மற்றவர்களிடம் புலம்புவதுதான் வேறு. தொழுகைக்குப் பின் ஐந்து நிமிடம் ஒதுக்கி, மனசில் இருப்பதை உங்கள் மொழியிலேயே கொட்டுங்கள். பொறுமையைக் கொண்டும் தொழுகையைக் கொண்டும் உதவி தேடச் சொல்கிறது குர்ஆன் (2:153).

படி 6: கோபம் வந்தால்

நின்றுகொண்டிருந்தால் உட்காருங்கள், அப்போதும் தணியாவிட்டால் படுத்துக்கொள்ளுங்கள். இது அபூதாவூத் என்ற ஹதீஸ் தொகுப்பில் பதிவான நபிவழி. பிள்ளையிடம் கத்தப்போகும் நேரத்தில் செய்து பாருங்கள்.

படி 7: அநியாயத்துக்கு ஸப்ர் என்று பெயர் வைக்காதீர்கள்

இதை அழுத்திச் சொல்லவேண்டும். அடிக்கிற கணவனோடு இருக்கும் பெண்ணிடம் "ஸபூர் செய்" என்று மட்டும் சொல்லி அனுப்புவது தீனை (மார்க்கத்தை) தவறாகப் பயன்படுத்துவது. நோய்க்கு மருந்து எடுப்பதும், உரிமையைக் கேட்பதும், ஆபத்திலிருந்து விலகுவதும் ஸப்ருக்கு எதிரானவை அல்ல. ஒட்டகத்தைக் கட்டிவிட்டுத்தான் அல்லாஹ்வை நம்பச் சொன்னார்கள் நபியவர்கள்.

பழக்கம் பிடிபடவில்லையே என்று மனம் தளரவேண்டாம். "யார் பொறுமையாக இருக்க முயல்கிறாரோ, அவருக்கு அல்லாஹ் பொறுமையைத் தருவான்" என்பதும் ஹதீஸ்தான். முயற்சிதான் நம் பொறுப்பு.

கடைசியாக, மய்யித்து (இறப்பு நடந்த) வீட்டுக்கு ஆறுதல் சொல்லப் போகிறவர்களுக்கு ஒன்று. நபியவர்களின் மகள் ஒருவர், தன் குழந்தை இறக்கும் நிலையில் இருப்பதாகச் சொல்லி அனுப்பினார். "அல்லாஹ் எடுத்ததும் அவனுடையது, கொடுத்ததும் அவனுடையது. எல்லாவற்றுக்கும் அவனிடம் ஒரு தவணை உண்டு. பொறுமையாக இருந்து நன்மையை எதிர்பார்க்கட்டும்" என்று நபியவர்கள் பதில் அனுப்பினார்கள். கட்டாயம் வரவேண்டும் என்று மகள் மறுபடியும் ஆளனுப்பினார். நபியவர்கள் எழுந்து போனார்கள். மூச்சு இழுத்துக்கொண்டிருந்த குழந்தையைக் கையில் வாங்கினார்கள். அவர்களுடைய கண்கள் நிரம்பி வழிந்தன.