மாரிக்குள் மலையேறி 10 மீற்றர் போட்டி

அமெரிக்க அமெச்சூர் வானொலிச் சங்கமான ஏஆர்ஆர்எல் நடத்தும் 10 மீற்றர் அலைநீளப் போட்டி டிசம்பரின் இரண்டாவது முழு வார இறுதியில் வரும். நமது நேரப்படி சனி காலை 5:30க்குத் தொடங்கி, திங்கள் காலை 5:30 வரை நடக்கும். இந்த 48 மணித்தியாலத்தில் 36 மணித்தியாலம்தான் ஒருவர் றேடியோவை இயக்கலாம். மட்டக்களப்பில் அது மழையும் வாடையும் உச்சத்தில் நிற்கும் காலம். ஆனாலும் மலையுச்சிக்கு இதைவிடப் பொருத்தமான போட்டி கிடையாது. 10 மீற்றர் எனப்படும் 28 மெகாஹேர்ட்ஸ் அலைவரிசை முன்னிரவோடு அடங்கிவிடுவதால், பொழுதுபடுமுன் இறங்கினாலும் பெரிய நட்டமில்லை. யானை நடமாடும் காட்டுப் பாதையில் இருட்டோடு இறங்குவதை யாரும் விரும்பப் போவதுமில்லை.

மட்டக்களப்பில் குடும்பிமலை ஏறத்தாழ 530 மீற்றர். அம்பாறையில் கோவிந்த ஹெல இன்னும் சற்று உயரம், ஆனால் நனைந்த பாறையில் அதன் கடைசி ஏற்றம் வேண்டாத வேலை. குடும்பிமலைக்குப் போகிறவர்கள் முதல் நாளே கிரான்–புலிபாய்ந்தகல் வீதியில் வெள்ளம் ஏறியிருக்கிறதா என்று விசாரியுங்கள். கிராம சேவகரிடமும் பொலிஸிலும் சொல்லிவிட்டு ஏறுங்கள். வயரும் பெட்டியுமாக மலையில் இருப்பவரைப் பார்த்தால் கேள்வி வரும். வானொலி உரிமத்தின் மூலமும் பிரதியும் கையில் இருக்கட்டும்.

மலையுச்சிகளிலிருந்து இயக்குவோருக்குப் புள்ளி தரும் சோட்டா திட்டத்திலும் கணக்கு வைக்க விரும்பினால், மலை அதன் பட்டியலில் இருக்கிறதா என்று முதலில் பாருங்கள். உச்சியிலிருந்து 25 மீற்றர் உயர வித்தியாசத்துக்குள் இருந்து இயக்க வேண்டும். வாகன மின்சாரமும் எரிபொருள் ஜெனரேற்றரும் கூடாது. 4 தொடர்பு கிடைத்தால் புள்ளி உண்டு. போட்டித் தொடர்பே இதற்குப் போதும். சோட்டா பட்டியலிலுள்ள மலை இலக்கத்தை வாசித்து மற்றவரின் நேரத்தைத் தின்னாதீர்கள்.

அன்ரெனா எளிமையாக இருக்கட்டும். நடுவில் உயர்ந்து இருபுறமும் சரியும் டைபோல், அதாவது இரு சம வயர்களாலான அன்ரெனா போதும். ஒவ்வொரு பக்கத்துக்கும் 2.6 மீற்றர் பிளாஸ்டிக் உறையுள்ள வயர் வெட்டி, வீட்டிலேயே ஒத்திசைவு பாருங்கள். இரு பக்கமும் 1 சென்ரிமீற்றர் குறைத்தால் அதிர்வெண் ஏறத்தாழ 110 கிலோஹேர்ட்ஸ் மேலே போகும். 28.4 மெகாஹேர்ட்ஸில் எஸ்.டபிள்யூ.ஆர் (அன்ரெனா எவ்வளவு பொருந்துகிறது என்று காட்டும் அளவு) 1.5க்குக் கீழே வந்தால் நிறுத்திவிடலாம். மழையில் நனைந்தால் ஒத்திசைவு கொஞ்சம் கீழிறங்கும். அங்கே நின்று திரும்ப வெட்டாதீர்கள். கம்பத்துக்கு 6 மீற்றர் கண்ணாடியிழைத் தூண்டில் தடி நல்லது. காபன் தடி மின்சாரம் கடத்துவதால் அன்ரெனாவைக் குழப்பும். பாறையில் முளை இறங்காது. உரப்பைகளில் கல் நிரப்பி, தடியைத் தங்கூசியால் மூன்று பக்கமும் இழுத்துக் கட்டுங்கள். கருவியையும் அன்ரெனாவையும் இணைக்கும் 10 மீற்றர் நீள ஆர்ஜி-58 கேபிள் சக்தியில் ஏறத்தாழ ஆறில் ஒரு பங்கைத் தின்னும். பாரம் குறையட்டும் என்று மெல்லிய ஆர்ஜி-174 கொண்டுபோனால் மூன்றில் ஒன்று போய்விடும்.

டைபோலை உச்சியின் நடுவில் நட்டுவிட்டு உட்காருவது வழக்கமான பிழை. சரிவு தொடங்கும் விளிம்பில் நட்டால், கீழிறங்கும் தரை அலையைத் தாழ்ந்த கோணத்தில் அனுப்ப உதவும். காலையில் ஜப்பானுக்கு வடகிழக்கு விளிம்பு, பிற்பகலில் ஐரோப்பாவுக்கு வடமேற்கு விளிம்பு. மத்தியானம் ஒருமுறை இடம் மாற்றும் பத்து நிமிடம் வீண் போகாது.

பாதை திறந்திருக்கிறதா என்று அறிய 28.200 மெகாஹேர்ட்ஸுக்குப் போங்கள். உலகின் 18 வழிகாட்டி நிலையங்கள் அங்கே மூன்று நிமிடச் சுற்றில் ஆளுக்குப் பத்து வினாடி வீதம் மோர்ஸில் பேசும். கொழும்பின் 4எஸ்7பியும் அதில் ஒன்று. ஒவ்வொன்றும் தன் அழைப்புக் குறியையும் பிறகு நான்கு நீண்ட கோடுகளையும் அனுப்பும். அழைப்புக் குறியும் முதல் கோடும் 100 வாற். அடுத்த கோடுகள் 10, 1, 0.1 வாற். ஜப்பானின் 10 வாற் கோடு காதில் விழுந்தால், உங்கள் சிறிய றேடியோவும் அங்கே எட்டும்.

20 வாற் கருவிக்கு 20 அம்பியர்-மணி லிதியம் அயன் பொஸ்பேற் பற்றரி ஒரு பகலுக்குத் தாராளம். அதே கொள்ளளவுள்ள ஈயப் பற்றரி இரண்டு மடங்குக்கும் மேல் பாரம்; பாதிதான் பாவிக்கலாம். மாரி வானத்தில் சோலர் தகட்டை நம்ப வேண்டாம். 20 வாற்றில் இயக்கினால் 100 வாற்காரர்களுடன் ஒரே பிரிவில் நிற்பீர்கள்; 5 வாற்றுக்கு இறக்கினால் தனிப் பிரிவு உண்டு. இதுவே புத்திசாலித்தனம். ஒவ்வொரு தொடர்பிலும் நீங்கள் கொடுக்க வேண்டியது, மற்றவர் எப்படிக் கேட்கிறார் என்ற சமிக்ஞை அறிக்கையும் 001இலிருந்து ஏறும் தொடர் எண்ணும். பேச்சுத் தொடர்புக்கு 2 புள்ளி, மோர்ஸுக்கு 4. மோர்ஸ் சாவியைக் கட்டாயம் கொண்டுபோங்கள். ஒரே அலைவரிசையில் இருந்து கூவாமல், பலமாகக் கேட்பவர்களைத் தேடிப்போய்ப் பதில் கொடுங்கள்.

மழைத்துளி வயரில் படும்போது ஒரு சீறல் கேட்கும். துளிகள் கொண்டுவரும் மின்னூட்டமே காரணம். கேபிள் அன்ரெனாவில் சேரும் ஊட்டு முனையில் 100 கிலோஓம் தடையொன்றைக் குறுக்கே போட்டால் தேங்கும் மின்னூட்டம் கசிந்து, கருவியின் வாங்கும் பகுதி தப்பும். மின்னலுக்கும் இடிக்கும் இடையில் 30 வினாடிக்குக் குறைந்தால் கேபிளைக் கழற்றிவிட்டு விளிம்பை விட்டு இறங்குங்கள். கேபிள் முனையிலுள்ள பிஎல்-259 இணைப்பு தண்ணீரைத் தடுக்காது. ரப்பர் ரேப்பை இழுத்துச் சுற்றுங்கள். கேபிள் கருவிக்குள் நுழையுமுன் ஒரு வளைவாகத் தொங்கட்டும், தண்ணீர் அங்கே சொட்டிவிடும்.

வாடையில் குளிர் வெப்பமானியில் பெரிதாகத் தெரியாது. ஈரச் சட்டையோடு காற்றில் இருந்தால் ஒரு மணித்தியாலத்தில் விரல் விறைத்து மோர்ஸ் தடுமாறும். ஏறும்போது வியர்த்த சட்டையை உச்சியில் மாற்றுங்கள். தறப்பாளை வடகிழக்குப் பக்கம் தரையோடு இறக்கிக் கட்டுங்கள். பிளாஸ்கில் இஞ்சிப் பிளேன்ரீயும், கையைத் துடைக்காமல் கொறிக்கக் கச்சானும் இருந்தால் பகல் ஓடிவிடும்.

பதிவைப் பென்சிலால் எழுதுங்கள். ஈரத்தாளில் பேனை எழுதாது. நேரத்தைத் தொடக்கத்திலிருந்தே யுரிசியில், அதாவது உலகப் பொது நேரத்தில் எழுதுங்கள். ஞாயிறு காலை 5 மணித் தொடர்பு யுரிசியில் சனி 23:30. வீட்டில் வந்து மாற்றும்போது திகதி பிசகினால் அந்தத் தொடர்பு தள்ளப்படும். போட்டிப் பதிவுகளுக்கான கபிரில்லோ வடிவக் கோப்பாக மாற்றிப் போட்டிக்கு அனுப்புங்கள். சோட்டாவுக்கு மலை இலக்கத்தோடு தனியாகப் பதியுங்கள்.