நெகடிவில் கீறல்: எந்த இடத்தில் விழுகிறது?

முதலில் எந்தப் பக்கம் என்று பாருங்கள். நெகடிவை விளக்கொளியில் சாய்த்தால் பளபளப்பாகத் தெரிவது அடித்தளம் (பிளாஸ்டிக் பட்டை), மங்கலாகத் தெரிவது எமல்ஷன் (படம் பதியும் பூச்சு). அடித்தளக் கீறல் பிரிண்டில் வெள்ளைக் கோடாக வரும். எமல்ஷன் பெயர்ந்திருந்தால் கறுப்புக் கோடு.

35 மி.மீ. பிலிமின் நீளவாக்கில் நேராக ஓடும் கீறல் என்றால் கேசட், கேமரா, ஸ்குவீஜி (ஈரப் பிலிமை வழித்துவிடும் ரப்பர் கருவி) மூன்றையும் சந்தேகப்படலாம். இதைப் பிரித்தறிய ஒரு சுருளைப் பலிகொடுக்கத்தான் வேண்டும். லோடு செய்து பத்து பிரேம் ஓட்டுங்கள். ரீவைண்ட் செய்யாமல் பின்மூடியைத் திறந்து, கேசட் வாயிலும் பிரேம் ஜன்னலின் (பிலிமில் ஒளி விழும் செவ்வகத் திறப்பு) இரு ஓரங்களிலும் பிலிமின் மேல் மார்க்கரால் குறியிடுங்கள். பிலிமை இழுக்காமல் கேசட் வாயருகே வெட்டியெடுத்து, லூப் (உருப்பெருக்கிக் கண்ணாடி) வைத்துப் பாருங்கள்.

கேசட் வாயிலிருந்தே கீறல் இருந்தால் அங்குள்ள வெல்வெட் பட்டையில் துகள் சிக்கியிருக்கிறது. திரும்பத் திரும்ப நிரப்பும் கேசட்டுகளில் இது சகஜம், தூக்கிப் போட்டுவிடுங்கள். ஜன்னலுக்கு அப்பால் மட்டும், அதுவும் பளபளப்பான பக்கத்தில் இருந்தால் பெரும்பாலும் பிரஷர் பிளேட்தான் (பின்மூடியில் பிலிமை அழுத்திப் பிடிக்கும் தட்டு). மென்துணியால் துடைத்து, விரல்நுனியால் தடவிச் சொரசொரப்பு இருக்கிறதா பாருங்கள்.

கீறலே இல்லையென்றால் ரீவைண்டும் டெவலப்பிங்கும்தான் மிச்சம். ஈர எமல்ஷன் மிக மென்மையானது. ஸ்குவீஜி ரப்பரில் ஒரு துகள் ஒட்டியிருந்தாலே சுருள் முழுக்கக் கோடு விழும். ஸ்குவீஜியையே விட்டுவிடுங்கள். கடைசி அலசலுக்கு, வெட்டிங் ஏஜென்ட் (நீர் துளித்துளியாக நிற்காமல் வழியச் செய்யும் திரவம்) சில துளி கலந்த காய்ச்சி வடித்த நீர் போதும், துடைக்காமல் தொங்கவிடுங்கள்.