மலை ஏற டர்போவா, சூப்பர்சார்ஜரா? ஒப்பிடும்போது நேரும் தவறுகள்

சனி, ஞாயிறுகளில் குன்னூரில் எங்கள் ஷெட்டுக்கு வரும் வண்டிகளில் பாதி, மேட்டுப்பாளையத்திலிருந்து ஏறி வந்த சூடு ஆறாதவை. போன சீசனில் கோவையிலிருந்து ஒரு தம்பி, ஒரு லிட்டர் டர்போ பெட்ரோல் வண்டியில் ஐந்து பேரோடு வந்தார். "ஏனுங்கண்ணா, இழுவை வேணும்னுதான் டர்போ வாங்கினேன். ஒவ்வொரு கொண்டை ஊசியிலயும் செத்துப்போய் நிக்குது. சூப்பர்சார்ஜர் வண்டியா பார்த்திருக்கணுமோ?" என்றார்.

பக்கத்தில் உட்கார்ந்து காட்டேரி தாண்டி இறங்கி, திரும்ப ஏறச் சொன்னேன். வளைவில் செகண்ட் கியரிலேயே திருப்பினார். ஆர்பிஎம் முள் (இன்ஜின் நிமிடத்துக்கு எத்தனை சுற்று சுற்றுகிறது என்று காட்டுவது) 1,200-க்கு விழுந்தது, வண்டி முனகியது. அடுத்த வளைவுக்கு முன்பே முதல் கியருக்கு வரச் சொன்னேன். முள் 2,000-ஐ ஒட்டி நின்றது. ஐந்து பேரையும் தூக்கிக்கொண்டு வண்டி ஏறியது. இன்ஜினில் எந்தக் குறையும் இல்லை.

டர்போவும் சூப்பர்சார்ஜரும் செய்வது ஒரே வேலைதான்: காற்றை அழுத்தி இன்ஜினுக்குள் தள்ளுவது. அந்தக் காற்றாடியை யார் சுற்றுகிறார்கள் என்பதில்தான் வித்தியாசம். டர்போவை வெளியேறும் புகை சுற்றுகிறது. சூப்பர்சார்ஜரை இன்ஜினின் முக்கியத் தண்டான கிராங்க் ஷாப்டிலிருந்து வரும் பெல்ட் சுற்றுகிறது. புகையின் வேகம் போதாவிட்டால் டர்போ தூங்கும். சூப்பர்சார்ஜருக்கு அந்தத் தூக்கம் கிடையாது, மிதித்தவுடன் இழுக்கும். ஆனால் இன்ஜின் சம்பாதிப்பதில் ஒரு பங்கை அதுவே தின்றுவிடும், அதனால் பெட்ரோல் செலவு கூடும். இந்த ஒன்றை மனதில் வைத்துக்கொண்டால், இந்த இரண்டையும் ஒப்பிடுவதில் நடக்கும் தவறுகள் பெரும்பாலும் தானாகவே விலகிவிடும்.

முதலில், உயரத்தை மறப்பது. மேட்டுப்பாளையம் சுமார் 325 மீட்டர், ஊட்டி சுமார் 2,240 மீட்டர். ஊட்டியில் காற்றழுத்தம் கடல் மட்டத்தில் இருப்பதில் முக்கால் பங்கும் கொஞ்சமும்தான். டர்போ இல்லாத சாதாரண இன்ஜின் அங்கே தன் பலத்தில் ஐந்தில் ஒரு பங்கு வரை இழந்துவிடும். "சூப்பர்சார்ஜர் போட்டால் இந்தக் கவலை இல்லை" என்று நினைப்பவர்கள் நிறைய. அது சரியில்லை. பெல்ட்டில் ஓடுவது உள்ளே வரும் காற்றை ஒரே விகிதத்தில்தான் அழுத்தும். சமவெளியில் ஒன்றை ஒன்றரை ஆக்கும் என்றால், ஊட்டியில் முக்கால் சொச்சத்தை ஒன்றேகால் கூட ஆக்காது. அதாவது, அதுவும் கிட்டத்தட்ட அதே பங்கை இழக்கிறது. டர்போவில் புகையை வேறு வழியில் திருப்பிவிடும் வேஸ்ட்கேட் என்ற கதவு உண்டு. காற்று மெலிந்தால் கம்ப்யூட்டர் அந்தக் கதவைச் சாத்தி, டர்போவை இன்னும் வேகமாகச் சுற்றவிட்டு, பழைய அழுத்தத்தைப் பெருமளவு மீட்டுக்கொள்ளும். மலைக்கு டர்போ பொருந்துவது இதனால்தான். ஆனால் அந்த வேகத்துக்கு ஏற அதற்கு நேரம் கூடுதலாக வேண்டும். டர்போ எழுவதற்கு முன் உங்கள் காலடியில் இருப்பது மெல்லிய காற்றை உறிஞ்சும் ஒரு சின்ன இன்ஜின் மட்டுமே. அந்தத் தம்பிக்கு வளைவில் நடந்தது இதுதான்.

வண்டி முனகும்போது ஆக்ஸிலரேட்டரைத் தரையோடு மிதிப்பது இன்னும் மோசம். நேரடியாக சிலிண்டருக்குள் பெட்ரோல் தெளிக்கும் டர்போ இன்ஜின்களில், குறைந்த ஆர்பிஎம்மில் முழுச் சுமை ஏற்றினால் எரிபொருள் நேரத்துக்கு முன்பே தீப்பிடித்து பிஸ்டனையே உடைத்துவிடலாம். கியரை இறக்குங்கள், சத்தம் கூடினாலும் பரவாயில்லை.

அடுத்தது, உச்ச குதிரைத்திறனை மட்டும் பார்த்து வாங்குவது. மாருதி ஃபிராங்க்ஸை எடுத்துக்கொள்ளுங்கள். அதன் 1.2 லிட்டர் சாதாரண இன்ஜின் சுமார் 90 பிஎஸ், 1.0 லிட்டர் டர்போ 100 பிஎஸ். பத்துதான் வித்தியாசம் போலத் தெரியும். டார்க்கை, அதாவது சுழற்றும் இழுவையைப் பாருங்கள்: அது 4,400 ஆர்பிஎம்மில் 113 நியூட்டன் மீட்டர், இது 2,000-லிருந்தே கிட்டத்தட்ட 148. மலையில் நாம் ஓட்டுவது அந்த 2,000-ஐச் சுற்றித்தான்.

பின்னால் ஒட்டியிருக்கும் எழுத்தை நம்புவதும் தவறு. பழைய பென்ஸ் வாங்கியவர்கள் 'கொம்ப்ரெஸர்' என்ற எழுத்தை ஏசி சமாசாரம் என்று நினைத்திருக்கிறார்கள். அது சூப்பர்சார்ஜர். ஆடியில் 2008-க்குப் பிறகு சில ஆண்டுகள் வந்த 3.0 டிஎஃப்எஸ்ஐ வி6 இன்ஜினில், பெயரில் டர்போவைக் குறிக்கும் டி இருந்தும், உள்ளே இருந்தது சூப்பர்சார்ஜர்தான். இந்த மாதிரி வண்டியை செகண்ட் ஹேண்டில் எடுத்தால் பெல்ட்டையும் சூப்பர்சார்ஜரின் பேரிங் சத்தத்தையும் பாருங்கள். டர்போ வண்டி என்றால் ஆயில் கசிவு, நீலப் புகை. சிஆர்டிஐ, டிடிஐ டீசல்கள் எல்லாம் டர்போதான், தனியாக எழுதியிருக்க வேண்டியதில்லை.

எனக்கு மிகவும் வலிப்பது இது. பர்லியாற்றிலிருந்து ஒரே மூச்சில் ஏறி வருவார்கள், டீக்கடையைப் பார்த்ததும் நிறுத்திச் சாவியைத் திருப்பிவிடுவார்கள். நிமிடத்துக்கு ஒரு லட்சம் சுற்றுக்கு மேல் சுற்றிக்கொண்டிருந்த டர்போவுக்கு அந்த நொடியே ஆயில் நின்றுபோகும். கொதிக்கும் பேரிங்கில் தங்கிய ஆயில் கரியாகிவிடும். அப்படிப் போன ஒரு டர்போவைக் கழற்றியபோது, ஆயில் வரும் குழாய்க்குள் அடுப்புக்கரி போல அடை அடையாக இருந்தது. இப்போதைய வண்டிகள் பலவற்றில் டர்போவைச் சுற்றித் தண்ணீரும் ஓடுவதால் ஆபத்து குறைவு. இருந்தாலும் கடைசி ஒரு கிலோமீட்டரை மெதுவாக ஓட்டுங்கள், அல்லது ஒரு நிமிடம் ஐடிலில் விடுங்கள். பெல்ட்டில் ஓடும் சூப்பர்சார்ஜருக்கு இந்தத் தொல்லை இல்லை, அதன் மேல் புகையின் சூடு படுவதில்லை. தை மாதத்து உறைபனிக் காலையில் இதற்கு நேர்மாறான பிரச்சினை: ஆயில் கெட்டியாக இருக்கும். கிளப்பியவுடன் ரேஸ் கொடுக்காதீர்கள்.

சாதாரண வண்டியில் வெளியே டர்போ கிட் மாட்டித் தரச் சொல்லியும் வருகிறார்கள். நான் செய்வதில்லை. சிலிண்டருக்குள் காற்றை ஏற்கெனவே இறுக்கி அழுத்தும், அதாவது அதிகக் கம்ப்ரெஷன் உள்ள இன்ஜினில் மேலும் காற்றைத் திணித்தால் அது தாங்காது. ஆர்சி புத்தகத்தில் உள்ளதற்கு மாறாக வண்டியை மாற்றுவதை மோட்டார் வாகனச் சட்டத்தின் 52-ஆம் பிரிவும் அனுமதிப்பதில்லை.

இறக்கத்தைப் பற்றி யாரும் கேட்பதே இல்லை. ஏறும்போது ஒன்றரை லிட்டர் வண்டி மாதிரி இழுக்கும் ஒரு லிட்டர் டர்போ, இறங்கும்போது வெறும் ஒரு லிட்டர் வண்டிதான். ஆக்ஸிலரேட்டரை விட்டால் இன்ஜின் வண்டியைப் பிடித்து நிறுத்தும் பலம் அதன் கொள்ளளவைப் பொறுத்தது, டர்போ அதில் கைகொடுக்காது. ஆகவே பெரிய இன்ஜினில் தேர்டில் இறங்கிப் பழகியவர் இதில் செகண்டில் இறங்க வேண்டும். ஆட்டோமேட்டிக் என்றால் 'டி'யில் விடாமல், மேனுவலுக்கு மாற்றி கியரை இறக்கிப் பிடிக்க வேண்டும். அந்தத் தம்பி கிளம்பும்போது இதைத்தான் இரண்டு முறை சொன்னேன். இருட்டும் நேரத்தில் கல்லாறிலிருந்து போன் செய்தார்: "செகண்ட்லயேதாங்கண்ணா வந்தேன், பிரேக் வாசமே வரலை."