குழந்தைகளுக்கான பெருந்தொற்றுச் சிகிச்சை நெறிமுறையை எடைபோடுவது எப்படி

பெருந்தொற்று வந்தால் மருந்து வருவதற்கு முன்பே நெறிமுறைகள் வந்துவிடும். 2020, 2021இல் கொரோனாவின்போது பார்த்தோமே, உலக சுகாதார நிறுவனத்தின் நெறிமுறை ஒன்று, நம் மத்திய அரசின் சுகாதார சேவைகள் தலைமை இயக்ககத்தின் நெறிமுறை இன்னொன்று, மருத்துவர் சங்கங்கள் ஆளுக்கொன்று, அப்புறம் யார் எழுதியது என்றே தெரியாமல் வாட்ஸ்ஆப்பில் சுற்றிய ஒற்றைப் பக்கத் தாள்கள். இரவுப் பணியில் இருக்கும் முதுநிலை மாணவரும் தாலுகா ஆஸ்பத்திரியில் தனியாக இருக்கும் டாக்டரும் இதில் எதை நம்பி ஒரு பிள்ளைக்கு மருந்து எழுதுவது? மேலே இருக்கும் முத்திரையைப் பார்த்து முடிவெடுக்காதீர்கள் என்பேன். ஒவ்வொரு பரிந்துரைக்குப் பின்னாலும் குழந்தைகளிடமிருந்து கிடைத்த சான்று இருக்கிறதா, இல்லையென்றால் அதை மறைக்காமல் சொல்லியிருக்கிறார்களா என்று தேடுங்கள்.

முதலில் தேதியைப் பாருங்கள். பதிப்பு எண் இருக்கிறதா, எப்போது திருத்துவோம் என்று எழுதியிருக்கிறார்களா? 2021 ஜூனில் வந்த இந்திய நெறிமுறை, குழந்தைகளுக்கு ரெம்டெசிவிர் என்ற வைரஸ் எதிர்ப்பு மருந்து வேண்டாம், லேசான நோய்க்கு ஸ்டீராய்டு கெடுதல் என்றது. 2022 ஜனவரியில் வந்த திருத்தமும் 18 வயதுக்கு உட்பட்டவர்களுக்கு வைரஸ் எதிர்ப்பு மருந்து வேண்டாம் என்றே சொன்னது. அதே ஆண்டு ஏப்ரலில் அமெரிக்காவில் மருந்துகளுக்கு அனுமதி தரும் எஃப்டிஏ, பிறந்து 28 நாளாவது ஆன, 3 கிலோவாவது எடையுள்ள குழந்தைகளுக்கு ரெம்டெசிவிரை அனுமதித்தது. அப்படியானால் நம் நெறிமுறை தப்பா? அவசரப்படாதீர்கள். அனுமதி என்றால் கொடுக்கலாம் என்று அர்த்தம், யாருக்கு எப்போது கொடுக்க வேண்டும் என்பது வேறு கேள்வி. அந்த அனுமதிக்காகக் குழந்தைகளிடம் நடந்த ஆய்வில் இருந்தவர்கள் 53 பேர், ஒப்பிடுவதற்கு மருந்து கொடுக்காத குழு கிடையாது, பலன் உண்டு என்பதற்கான ஆதாரம் பெரியவர்களிடம் நடந்த ஆய்வுகளிலிருந்து வந்தது.

அதாவது இரண்டாவது கேள்வி: இதில் குழந்தை எங்கே? டெக்ஸாமெத்தசோன் என்ற ஸ்டீராய்டை எடுத்துக்கொள்ளுங்கள். பிரிட்டனின் ரெகவரி ஆய்வு 2020 ஜூனில் முடிவைச் சொன்னபோது உலகமே மூச்சு விட்டது. வென்டிலேட்டரில் இருந்தவர்களிடையே இறப்பு 41.4 சதவீதத்திலிருந்து 29.3 சதவீதமாகக் குறைந்தது. ஆனால் ஆக்சிஜன் தேவைப்படாதவர்களுக்குப் பலன் தெரியவில்லை, சொல்லப்போனால் மருந்து கொடுத்தவர்களில் 17.8 சதவீதமும் கொடுக்காதவர்களில் 14 சதவீதமும் இறந்தார்கள். இதெல்லாம் பெரியவர்களின் கணக்கு. அங்கே கொடுத்தது நாளுக்கு 6 மில்லிகிராம். அமெரிக்க தேசிய சுகாதார நிறுவனத்தின் நெறிமுறை அதைக் குழந்தைகளுக்குக் கிலோவுக்கு 0.15 மில்லிகிராம், உச்சவரம்பு 6 என்று மாற்றிக்கொண்டது. 12 கிலோ பிள்ளைக்கு 1.8, 40 கிலோவைத் தொட்டால் 6. பெரியவர்களின் முடிவைக் குழந்தைகளுக்கு நீட்டுவதே தப்பு என்று நான் சொல்லவில்லை, உயிர் போகும் நேரத்தில் வேறு வழி இருக்காது. நீட்டியிருக்கிறோம் என்று வெளிப்படையாக எழுதியிருக்கிறார்களா என்று பாருங்கள். 'குழந்தைகள்' என்று ஒரே சொல்லில் முடித்துவிட்டு, பச்சிளம் குழந்தைக்கும் பதினைந்து வயதுப் பையனுக்கும் ஒரே வரியில் சிகிச்சை சொல்லும் தாள் என்றால் கீழே வையுங்கள். டோஸ் நாளுக்கா வேளைக்கா, உச்சவரம்பு எவ்வளவு என்று இல்லாத தாளும் அப்படித்தான்.

இந்த விஷயத்தை நன்றாகப் புரிந்துகொள்ள மிஸ்-சி போல வேறு உதாரணம் இல்லை. கொரோனா வந்துபோன சில வாரங்களில் காய்ச்சல், கண் சிவப்பு, தடிப்பு, வயிற்றுவலி என்று வந்து, சில பிள்ளைகளுக்கு இதயமே தளர்ந்துபோகும் அழற்சி நோய் அது. 2020 ஏப்ரல் கடைசியில் பிரிட்டனில் எச்சரிக்கை வந்தது, மே மாதத்துக்குள் பிரிட்டன், அமெரிக்கா, உலக சுகாதார நிறுவனம் மூன்றும் தனித்தனி வரையறை வெளியிட்டுவிட்டன. உலக சுகாதார நிறுவனம் மூன்று நாள் காய்ச்சல் வேண்டும் என்றது, அமெரிக்காவின் நோய்த் தடுப்பு அமைப்பான சிடிசி அப்போது 24 மணி நேரம் போதும் என்றது. ஒரே பிள்ளை ஒரு தாளில் நோயாளி, இன்னொரு தாளில் இல்லை! ஆகவே பரிந்துரைக்குப் போகும் முன், அது யாரை நோயாளி என்கிறது என்பதைப் படியுங்கள்.

சிகிச்சையைப் பாருங்கள். 2021 பிப்ரவரியில் வந்த பிரெஞ்சு ஆய்வு, இம்யூனோகுளோபுலினோடு (ரத்ததானத்திலிருந்து பிரித்தெடுக்கும் நோய் எதிர்ப்புப் புரதம்) ஸ்டீராய்டும் சேர்த்துக் கொடுத்தால் நல்லது என்றது. ஜூனில் ஒரே நாளில் இரண்டு ஆய்வுகள் வந்தன, அமெரிக்க ஆய்வு சேர்த்துக் கொடுப்பதே மேல் என்றது, பல நாடுகளில் நடந்த மற்றொன்று பெரிய வித்தியாசம் தெரியவில்லை என்றது. மூன்றுமே நடந்ததைப் பதிவுசெய்து அலசியவை, குலுக்கல் முறையில் குழு பிரித்தவை அல்ல. இதற்கப்புறம் உலக சுகாதார நிறுவனம் 2021 நவம்பரில் ஸ்டீராய்டைப் பரிந்துரைத்தது, அதுவும் நிபந்தனையோடு, சான்றின் உறுதி மிகக் குறைவு என்று சொல்லி. அமெரிக்க வாதநோய் மருத்துவர்களின் சங்கம் 2022இல் இரண்டையும் ஆரம்பத்திலேயே சேர்த்துக் கொடுக்கச் சொன்னது. கையில் இருந்தது ஏறக்குறைய ஒரே சான்றுதான். ஆனால் இம்யூனோகுளோபுலின் விலை கூடியது, எல்லா நாட்டிலும் கிடைக்காது. உலகத்துக்கே எழுதுகிறவர் அதையும் தராசில் வைக்க வேண்டும், அமெரிக்க ஆஸ்பத்திரிகளுக்கு எழுதுகிறவருக்கு அந்தக் கவலை குறைவு. இந்தக் காரணங்களை எழுதியிருந்தால் உங்கள் வார்டுக்கு எது பொருந்தும் என்று நீங்களே முடிவெடுக்கலாம். வெறும் 'கொடுக்கவும்' என்றிருந்தால் முடியாது. பரிந்துரையின் பலம் ஒன்று, சான்றின் உறுதி இன்னொன்று. சான்றைத் தரம் பிரிக்கும் கிரேடு முறையில் இவற்றைத் தனித்தனியாகச் சொல்வார்கள், நீங்களும் தனித்தனியாகப் படியுங்கள்.

சரி, மதிப்பெண் போடுவது. நெறிமுறைகளை மதிப்பிடுவதற்கான அக்ரீ-2 என்ற கேள்வித்தாள் கருவி இலவசமாகக் கிடைக்கிறது. ஆறு பிரிவுகள், 23 கேள்விகள், ஒவ்வொன்றுக்கும் 1 முதல் 7 வரை. குறைந்தது இரண்டு பேர், முடிந்தால் நான்கு பேர், ஒருவர் போட்டதை இன்னொருவர் பார்க்காமல் போட வேண்டும். மூன்றாம் பிரிவில்தான் உயிர் இருக்கிறது: சான்றை எப்படித் தேடினார்கள், எதைச் சேர்த்தார்கள், பலனையும் கேட்டையும் எடைபோட்டார்களா, வெளியாட்களிடம் காட்டினார்களா, எப்படிப் புதுப்பிப்பார்கள் என்று எட்டுக் கேள்விகள். இருவர் மதிப்பிட்டு ஒருவர் 30, மற்றவர் 34 போட்டால் மொத்தம் 64. அதை உச்ச மதிப்பெண்ணான 112ஆல் (எட்டுக் கேள்வி, ஏழேழு மதிப்பெண், இரண்டு பேர்) வகுத்து 57 சதவீதம் என்று எழுதுகிறவர்கள் உண்டு, அது சரியில்லை. எல்லாவற்றுக்கும் 1 போட்டாலே 16 வந்துவிடும், அதனால் 64இல் 16ஐக் கழித்து 48, அதை 112-16, அதாவது 96ஆல் வகுத்தால் 50 சதவீதம். இதற்கு மேல் தேர்ச்சி, கீழே தோல்வி என்று அக்ரீ எந்த எல்லையும் வைக்கவில்லை. ஆறு பிரிவையும் கூட்டி ஒரே எண்ணாக்கவும் கூடாது. அச்சும் படமும் அழகாக இருந்து தெளிவில் 90 வாங்கும் நெறிமுறை, மூன்றாம் பிரிவில் 20 வாங்கலாம். பெருந்தொற்றின் முதல் மாதங்களில் அவசரத்தில் எழுதியதற்கு இந்தப் பிரிவில் மதிப்பெண் குறையத்தான் செய்யும், அதை நான் பெரிய குற்றமாக எடுத்துக்கொள்ள மாட்டேன், ஆனால் ஆறு மாதம் கழித்தும் அப்படியே கிடந்தால் மன்னிக்க மாட்டேன்.

எழுதியவர்கள் பட்டியலையும் படியுங்கள். குழந்தைகள் தீவிர சிகிச்சை நிபுணர் உண்டா, செவிலியர் உண்டா, பெற்றோர் தரப்பிலிருந்து ஒருவராவது உண்டா? மருந்து நிறுவனத்தோடு பணத் தொடர்பு உள்ளவர் யார், அந்த மருந்தைப் பற்றி முடிவெடுத்தபோது அவர் விலகி இருந்தாரா? 'நலன் முரண்பாடு ஏதுமில்லை' என்ற ஒற்றை வரிக்கு ஏழு மதிப்பெண் கொடுத்துவிடாதீர்கள்.

கடைசியாக உங்கள் ஆஸ்பத்திரி. 2011இல் வெளிவந்த ஃபீஸ்ட் ஆய்வை மறக்கக் கூடாது. உகாண்டா, கென்யா, தான்சானியாவில் காய்ச்சலோடும் ரத்த ஓட்டக் குறைவோடும் வந்த 3,141 பிள்ளைகள். வேகமாகத் திரவம் ஏற்றியவர்களில் 48 மணி நேரத்தில் 10.5 சதவீதத்துக்கு மேல் இறந்தார்கள், அப்படி ஏற்றாதவர்களில் 7.3 சதவீதம். எல்லாரும் நல்லது என்று நம்பிச் செய்துவந்த சிகிச்சை அது. இதனால்தான் 2020இல் வந்த குழந்தைகளுக்கான சர்வதேச செப்சிஸ் (கிருமித் தொற்றால் உறுப்புகள் பழுதாகும் நிலை) நெறிமுறை, ஐசியு இல்லாத இடத்தில் ரத்த அழுத்தம் குறையாத பிள்ளைக்குத் திரவத்தை வேகமாக ஏற்றாதீர்கள் என்று தனியாகச் சொல்கிறது. உங்கள் கையில் இருக்கும் தாள், ஐசியு உள்ள இடம் இல்லாத இடம் என்று பிரித்துப் பேசுகிறதா, எக்கோ என்ற இதய ஸ்கேன் எடுக்க ஆள் இல்லாவிட்டால் என்ன செய்வது, எந்த நிலையில் மேல் ஆஸ்பத்திரிக்கு அனுப்புவது என்று சொல்கிறதா என்று பாருங்கள்.

தேறியதை வார்டுச் சுவரில் ஒட்டும்போது எடைவாரியாக டோஸ் கணக்குப்போட்டு, இரண்டு பேர் சரிபார்த்து, பதிப்புத் தேதியைப் பெரிதாக எழுதுங்கள். புதியது வந்ததும் பழையதைக் கழற்றும் வேலையைப் பெயர் சொல்லி ஒருவரிடம் ஒப்படையுங்கள்.