விபத்து இழப்பீடு: இன்சூரன்ஸ் கம்பெனி சொல்லும் தொகைக்குத் தலையாட்டும் முன்

பைக்கில் போகும்போது வேன் இடித்து, கால் உடைந்து, உள்ளே ராடு வைத்து, எம்.சி.ஓ.பி. (விபத்துத் தீர்ப்பாயத்தில் போடும் இழப்பீட்டு மனு) போட்டு ஒரு வருடம் ஓடியிருக்கும். திடீரென்று வக்கீலிடமிருந்து போன் வரும். "சனிக்கிழமை லோக் அதாலத்துல நம்ம கேஸ் இருக்கு, கம்பெனி மூன்றரை சொல்றாங்க, முடிச்சுக்கலாமா?" உடனே எல்லோரும் கேட்பது, இன்னும் கொஞ்சம் ஏத்தித் தர மாட்டாங்களா என்பதுதான். ஏற்றுவது இறக்குவது பிறகு. அந்த மூன்றரை லட்சம் எந்தக் கணக்கில் வந்தது, அதை முதலில் கேளுங்கள்.

ஏனென்றால் ஒரே காயத்துக்கு இரண்டு விதமாகக் கணக்குப் போடலாம், இரண்டுக்கும் நடுவே லட்சக்கணக்கில் வித்தியாசம் வரும். உதாரணத்துக்கு 34 வயதில் லோடு வேன் ஓட்டும் ஒருவரை எடுத்துக்கொள்வோம், மாதம் 15,000 ரூபாய் வருமானம், மெடிக்கல் போர்டு 30 சதவீத ஊனம் என்று சான்று கொடுத்திருக்கிறது. முதல் கணக்கு ரொம்ப எளிது. ஒரு சதவீதத்துக்கு இவ்வளவு ரூபாய் என்று வைத்துப் பெருக்குவார்கள். சதவீதத்துக்கு 5,000 என்றால் 1,50,000, அதோடு ஆஸ்பத்திரி பில், வலி வேதனைக்கு ஒரு தொகை, சத்தான உணவு, போக்குவரத்து, கூட இருந்து பார்த்துக்கொண்டவருக்குக் கொஞ்சம் என்று சேர்த்தால் மூன்றரைக்கு வந்துவிடும்.

இரண்டாவது கணக்கு மல்டிப்ளையர் முறை, அதாவது வருட வருமானத்தை வயதுக்கேற்ற ஒரு எண்ணால் பெருக்குவது. 15,000 வருமானத்தோடு எதிர்கால உயர்வுக்காக 40 சதவீதம் சேர்க்க வேண்டும் (சொந்தத் தொழில் அல்லது நிரந்தரமில்லாத வேலை, 40 வயதுக்குக் கீழ் என்றால் 40, இது 2017-இல் பிரணய் சேத்தி வழக்கில் உச்ச நீதிமன்றம் வகுத்தது, காயம்பட்டவர்களுக்கும் இது உண்டு என்று 2020-இல் பப்பு தேவ் யாதவ் வழக்கில் தெளிவாகச் சொல்லிவிட்டார்கள்). ஆக மாதம் 21,000, வருடத்துக்கு 2,52,000. 31 முதல் 35 வயதுக்கு மல்டிப்ளையர் 16, அது 2009-இல் வந்த சரளா வர்மா தீர்ப்பின் அட்டவணை. பெருக்கினால் 40,32,000. அதில் 30 சதவீதம் எடுத்தால் 12,09,600. பில்லும் மற்றதும் இதற்கு மேல்! அதே கால், அதே முறிவு.

அப்போது எந்தக் கணக்கு உங்களுக்குப் பொருந்தும்? இங்கேதான் மொத்த விஷயமும் நிற்கிறது. மெடிக்கல் போர்டு கொடுக்கும் சதவீதம் உடம்பைப் பற்றியது. தீர்ப்பாயம் பார்ப்பது, அந்த ஊனத்தால் உங்கள் பிழைப்பு எவ்வளவு கெட்டது என்பதை. 2010-இல் உச்ச நீதிமன்றம் தந்த ராஜ்குமார் எதிர் அஜய்குமார் தீர்ப்பில் இதை அழகாகவே விளக்கியிருக்கிறார்கள்: இடது கையை இழந்தவர் டிரைவராகவோ தச்சராகவோ இருந்தால் சம்பாதிக்கும் சக்தி ஏறக்குறைய முழுவதும் போச்சு, அதே கையை இழந்தவர் அரசு அலுவலகத்தில் கிளார்க் என்றால் வேலை போகாமலும் இருக்கலாம். ஆகவே சம்பளம் குறையாமல் பழைய நாற்காலியிலேயே போய் உட்கார்ந்துவிட்ட ஒருவர் மல்டிப்ளையர் கேட்டு அடம்பிடித்தால் கிடைப்பது கடினம். வண்டி ஓட்டுகிறவர், கொத்தனார், தறி ஓட்டுகிறவர், நின்றுகொண்டே தோசை சுடுகிற மாஸ்டர், இவர்களுக்கு முழங்கால் மடங்கவில்லை என்றால் கதை வேறு. நம் உதாரணத்து ஆள் டிரைவர், கிளட்ச் மிதிக்கும் கால் போயிருக்கிறது என்றால் 30 சதவீதத்தையும் தாண்டி வாதாட இடம் உண்டு. எதிர்த்தரப்பு 15 தான் என்று வாதாடி ஜெயித்தாலும் ஆறு லட்சத்துச் சொச்சம் வரும். அப்படியிருக்க, சதவீதத்துக்கு இவ்வளவு என்று போட்ட கணக்கில் வந்த மூன்றரையை வாங்கிக்கொண்டு போவது வயிற்றெரிச்சல்.

"எனக்குச் சம்பளச் சீட்டே இல்லையே" என்று நிறையப் பேர் பின்வாங்குகிறார்கள். காய்கறி விற்ற ஒரு இளைஞருக்கு விபத்தில் கால் போன சையது சாதிக் வழக்கில் (2014) வருமானத்துக்குக் காகிதம் எதுவும் கிடையாது. காய்கறி வியாபாரியிடம் போய் அதற்குச் சான்று கேட்பானேன் என்கிற தொனியில் மாதம் 6,500 என்று உச்ச நீதிமன்றமே எடுத்துக்கொண்டது, இழப்பையும் 85 சதவீதமாக நிர்ணயித்தது. விபத்து நடந்தது 2008-இல் என்பதை ஞாபகம் வைத்துக்கொள்ளுங்கள். இன்றைக்கு நடந்த விபத்துக்கு யாராவது 6,500 என்று ஆரம்பித்தால் சிரித்துவிடலாம்.

அடுத்தது, ஆஃபர் எப்போது வருகிறது என்பது. 2022 ஏப்ரலில் நடைமுறைக்கு வந்த மோட்டார் வாகனச் சட்டத் திருத்தப்படி விபத்துத் தகவல் கிடைத்து 30 நாளுக்குள் இன்சூரன்ஸ் கம்பெனி தீர்ப்பாயத்தின் முன் ஒரு தொகை சொல்ல வேண்டும் (149-வது பிரிவு). கேட்க நன்றாகத்தான் இருக்கிறது. ஆனால் 30 நாளில் எலும்பு கூடியிருக்காது, ஊனம் எவ்வளவு என்று எந்த டாக்டரும் சொல்ல முடியாது. இதில் இன்னொரு பள்ளமும் உண்டு. யார் மேல் தப்பு என்று பார்க்காமல் கொடுங்காயத்துக்கு இரண்டரை லட்சம் தரும் 164-வது பிரிவுத் தொகையை இந்த வழியில் வாங்கிக்கொண்டால், 166-வது பிரிவின் கீழ் போட்ட மனு (அதாவது உங்கள் எம்.சி.ஓ.பி.) காலாவதி ஆகிவிடும், சட்டத்திலேயே அப்படி எழுதியிருக்கிறது. சின்ன முறிவு, முழுக்கக் குணமாகிவிடும் என்றால் வாங்கிக்கொள்ளலாம், தப்பில்லை. தண்டுவடம், தலைக்காயம், இடுப்பு மூட்டு என்றால் தொடவே தொடாதீர்கள். பொதுவாகச் சொன்னால், உள்ளே வைத்த ராடோ பிளேட்டோ இன்னும் எடுக்கவில்லை, இன்னொரு ஆபரேஷன் இருக்கிறது என்று டாக்டர் சொல்கிறார் என்றால், அந்தச் செலவுக்கு அவரிடம் ஒரு எஸ்டிமேட் எழுதி வாங்கி, அதையும் சேர்த்த பிறகே பேசுங்கள். முடித்த பிறகு போய்க் கேட்க முடியாது.

சரி, குறைத்து வாங்கிக்கொள்வது எப்போது புத்திசாலித்தனம்? உங்கள் பக்கம் ஓட்டை இருக்கும்போது. எஃப்.ஐ.ஆர். உங்கள் மேலேயே போட்டிருக்கிறார்களா, பல நாள் தாமதமாகப் போட்டதா என்று பாருங்கள். அதைவிட முக்கியம் ஏ.ஆர். காப்பி, அதாவது முதலில் போன ஆஸ்பத்திரியில் எழுதிய விபத்துப் பதிவேடு. ரத்தம் ஒழுகக் கொண்டுபோன பதற்றத்தில் கூட வந்தவர் "வண்டியிலிருந்து விழுந்துட்டார்" என்று சொல்லியிருப்பார், டியூட்டி டாக்டரும் அப்படியே எழுதியிருப்பார். வேன் இடித்தது என்ற சொல்லே அதில் இருக்காது. கம்பெனி வக்கீல் முதலில் புரட்டுவது அந்தப் பக்கத்தைத்தான், மொத்த வழக்கும் விழலாம். அப்படி இருந்தால் பாதிக்கு ஒத்துக்கொள்வதுகூட நல்ல முடிவுதான். அதேபோல், தப்பு செய்த பைக்கிலேயே பின்னால் உட்கார்ந்து போனவருக்கு அந்த பைக்கின் வெறும் தேர்ட் பார்ட்டி பாலிசியில் கவரேஜ் கிடையாது, அங்கே எது கொடுத்தாலும் யோசியுங்கள். ஆனால் "பைக்ல மூணு பேர் போனீங்க", "உங்களுக்கு லைசென்ஸ் இல்ல" என்று சொல்லியே பயமுறுத்தி அடிமாட்டு விலைக்கு இறக்கப் பார்த்தால் இறங்க வேண்டாம். விபத்துக்கு அதுதான் காரணம் என்று காட்டினால் ஒழிய, அது மட்டுமே உங்கள் தலையில் தப்பைச் சுமத்தாது என்று உச்ச நீதிமன்றம் சொல்லியிருக்கிறது.

காலமும் ஒரு விலைதான். மறுத்தால் இன்னும் ஓரிரு வருடம் ஆகலாம், தீர்ப்பு வந்தாலும் கம்பெனி மேல்முறையீடு போகலாம். அதற்கு எதிர்ப்பக்கமாக, மனு போட்ட நாளிலிருந்து வட்டி ஓடிக்கொண்டிருக்கும், தமிழ்நாட்டில் பெரும்பாலும் ஏழரை சதவீதம் போடுகிறார்கள். கடன்காரன் வாசலில் நிற்கிறான் என்றால் அந்த வட்டி உங்களைக் காப்பாற்றாது, அதுவும் எனக்குத் தெரியும். என் அளவுகோல் இது: நேர்மையாகப் போட்ட கணக்கில் 80 சதவீதத்துக்கு மேல் வந்தால் முடித்துக்கொள்ளுங்கள், பாதிக்குக் கீழே என்றால் எழுந்து வாருங்கள், நடுவில் என்றால் உங்கள் வழக்கின் ஓட்டைகளை வைத்து முடிவு செய்யுங்கள்.

எழுந்து வந்தால் கேஸ் போய்விடுமோ என்ற பயம் வேண்டாம். லோக் அதாலத்தில் ஒத்துவரவில்லை என்றால் வழக்கு பழையபடி கோர்ட்டுக்கே திரும்பும், உங்கள் பேரில் கெட்டது எதுவும் எழுத மாட்டார்கள். ஒத்துக்கொண்டால்தான் திரும்ப வழியில்லை, அந்த அவார்டுக்கு அப்பீல் கிடையாது. அந்த ஹாலில் கூட்டம் நெரியும், வக்கீல் ஒரு பக்கம், கம்பெனி அதிகாரி ஒரு பக்கம், மேடையில் ஜட்ஜ் "முடிச்சுக்கிறீங்களாம்மா?" என்று கேட்பார், பின்னால் இருபது கேஸ் காத்திருக்கும். அந்த அவசரத்திலும் இரண்டு நிமிடம் கேட்டு வாங்கி வெளியே வந்து வீட்டில் ஒரு போன் பேசிவிட்டுப் போகலாம், யாரும் கோபித்துக்கொள்ள மாட்டார்கள்.

கையெழுத்துப் போடும்முன், சமரச விவரம் எழுதிய மெமோவைப் படிக்கச் சொல்லிக் கேளுங்கள். சொன்ன தொகை வட்டி உட்படவா, வட்டி தனியா? எத்தனை நாளில் டெபாசிட் செய்வார்கள், தவறினால் எத்தனை சதவீதம் வட்டி என்று எழுதியிருக்கிறதா? வக்கீல் பீஸ் எவ்வளவு என்பதை இதற்கு முன்பே தனியாகப் பேசி முடித்திருக்க வேண்டும் (கிடைப்பதில் இத்தனை பெர்சென்ட் என்று பேரம் பேசுவதை பார் கவுன்சில் விதியே அனுமதிப்பதில்லை, ஊரெல்லாம் நடப்பது வேறு). பணம் உங்கள் பெயரில் உள்ள வங்கிக் கணக்குக்கு நேரடியாக வரும்படி கணக்கு எண்ணைக் கொடுத்து, பாஸ்புக் முதல் பக்க நகலோடு ஒருமுறை சரிபாருங்கள். எதுவும் நிரப்பாத ரசீதிலோ வவுச்சரிலோ, யார் கேட்டாலும், கையெழுத்துப் போட வேண்டாம்.