கன்சோலுக்கு டிவி வாங்குவது எப்படி? வடசென்னை வீட்டுக்கும் பட்ஜெட்டுக்கும் ஏற்ற வழி

சோனியின் கேம் கன்சோலான பி.எஸ்.5 (பிளேஸ்டேஷன் 5) இந்தியாவில் விற்பனைக்கு வந்தது 2021 பிப்ரவரியில். இப்போது வியாசர்பாடி, கொடுங்கையூர், தண்டையார்பேட்டை பக்கம் எத்தனையோ வீடுகளில் அது இருக்கிறது. தவணையில் வாங்கியவர்களும் உண்டு, செகண்ட் ஹேண்டில் எடுத்தவர்களும் உண்டு. கன்சோலுக்கு மாதக்கணக்கில் பணம் சேர்த்தவர்கள், டிவி வாங்கும்போது மட்டும் கடைக்காரர் கை காட்டியதை எடுத்துக்கொண்டு வந்துவிடுகிறார்கள். அந்தப் பணம் வீணாகக் கூடாது என்பதற்காகத்தான் இதை எழுதுகிறேன்.

ஒன்றை மட்டும் முதலிலேயே மனதில் வைத்துக்கொள்ளுங்கள். கடையில் படம் எவ்வளவு பளபளப்பாக ஓடுகிறது என்பதை வைத்து முடிவெடுக்காதீர்கள். பட்டனை அழுத்தினால் திரை எவ்வளவு சீக்கிரம் பதில் சொல்கிறது என்று பாருங்கள். கேம் ஆடுகிறவருக்கு மற்ற எல்லாமே அதற்கு அப்புறம்தான்.

படி 1: உங்கள் கன்சோல் என்ன கேட்கிறது?

பி.எஸ்.5, மைக்ரோசாஃப்டின் எக்ஸ்பாக்ஸ் சீரிஸ் எக்ஸ் இரண்டும் 4கே படத்தை (ஃபுல் ஹெச்.டி.-யைவிட நாலு மடங்கு புள்ளிகள் கொண்டது) நொடிக்கு 120 முறை வரை அனுப்பக்கூடியவை. எக்ஸ்பாக்ஸ் சீரிஸ் எஸ் பெரும்பாலும், ஃபுல் ஹெச்.டி.-க்கும் 4கே-வுக்கும் நடுவில் இருக்கும் 1440பி அளவில் ஆட்டத்தை ஓட்டி, அதை 4கே-வாகப் பெரிதாக்கி அனுப்பும். 2025-ல் வந்த நின்டெண்டோ ஸ்விட்ச் 2-ஐ டிவியில் மாட்டினால் 4கே-வில் 60, ஃபுல் ஹெச்.டி., 1440பி இரண்டிலும் 120 வரை போகும். பழைய ஸ்விட்ச்சுக்கும் பி.எஸ்.4-க்கும் 60 போதும்.

இந்த 60, 120 என்பதுதான் ஹெர்ட்ஸ் கணக்கு, அதாவது திரை நொடிக்கு எத்தனை முறை புதுப்பிக்கிறது என்பது. கன்சோலால் 120 முடியும் என்பதால் எல்லா கேமும் 120-ல் ஓடும் என்று நினைக்க வேண்டாம். கதையோடு போகும் பெரிய கேம்கள் பலவும் 30 அல்லது 60-ல்தான் ஓடுகின்றன. 120 கிடைப்பது ஆன்லைன் துப்பாக்கிச் சண்டை கேம்கள் சிலவற்றிலும், கார் பந்தயம் சிலவற்றிலும்தான். நீங்கள் ஆடுவது எது என்று யோசித்துப் பாருங்கள். வார இறுதியில் நண்பர்களோடு கால்பந்து ஆடுவதுதான் உங்கள் வழக்கம் என்றால், நல்ல 60 ஹெர்ட்ஸ் டிவி தாராளமாகப் போதும். மிச்சப்படும் பணத்தில் இன்னொரு கன்ட்ரோலர் வாங்கலாம்.

படி 2: ஹாலை அளந்து பாருங்கள்

நம் பக்கத்து வீடுகளில் ஹால் என்பது பலருக்குப் பத்துக்குப் பத்து. டிவிக்கும் ஆடுகிறவருக்கும் நடுவே ஐந்தாறு அடிதான் இருக்கும். அந்தத் தூரத்துக்கு 43 இன்ச் நன்றாகவே இருக்கும், 50 இன்ச்சும் சரி. ஏழெட்டு அடி கிடைத்தால் 55-க்குப் போகலாம். ஏழு அடிக்கு மேல் தள்ளி உட்கார்ந்து 43 இன்ச்சைப் பார்த்தால், 4கே-வுக்கும் ஃபுல் ஹெச்.டி.-க்கும் கண்ணுக்குப் பெரிய வித்தியாசம் தெரியாது.

55 இன்ச் டிவியின் அகலம் சுமார் நாலு அடி, அது வரும் பெட்டி இன்னும் பெரிது. லைன் வீட்டுச் சந்து, ஹவுசிங் போர்டு மாடிப்படியின் திருப்பம் இதையெல்லாம் வாங்குவதற்கு முன்பே அளந்துவிடுங்கள். பெட்டியைப் படுக்கவைத்துத் தூக்கினால் பேனலில், அதாவது திரையில் விரிசல் விழ வாய்ப்பு அதிகம், நிமிர்த்தித்தான் கொண்டுபோக வேண்டும்.

சுவரையும் தட்டிப் பாருங்கள். ராயபுரம், பழைய வண்ணாரப்பேட்டை பக்கத்துப் பழைய வீடுகளில் சுண்ணாம்புக் காரை பூசிய சுவர் இன்னும் இருக்கிறது. அதில் சாதாரண பிளக் ஆணி பிடிப்பு கொடுக்காது. சந்தேகமாக இருந்தால் கெட்டியான மேசைமேல் வையுங்கள். பாயில் உட்கார்ந்து ஆடும் பழக்கம் இருந்தால் சுவரில் உயரமாக மாட்டுவது கழுத்துக்கு வலி, மேசையே நல்லது. ஆனால் தாழ்வான தெருவில் தரைத்தளத்தில் இருப்பவர்கள் 2015 டிசம்பரையும் 2023 டிசம்பரில் மிக்ஜாம் புயலில் தண்ணீர் ஏறியதையும் மறந்திருக்க மாட்டீர்கள். கன்சோல், ஸ்பைக் பஸ்டர், பிளக் பாயின்ட் மூன்றும் இடுப்பு உயரத்துக்கு மேலே இருக்கட்டும்.

படி 3: இன்புட் லேக்

கொஞ்சம் நிதானமாகப் படிக்க வேண்டிய பகுதி இது.

பட்டனை அழுத்திய நேரத்துக்கும் திரையில் அது தெரியும் நேரத்துக்கும் நடுவே டிவி எடுத்துக்கொள்ளும் தாமதம்தான் இன்புட் லேக். கேரம் போர்டில் நீங்கள் சுண்டிய பிறகு ஸ்டிரைக்கர் ஒரு கணம் யோசித்துவிட்டு நகர்ந்தால் எப்படி இருக்கும்? அதேதான். டிவி ஒவ்வொரு படத்தையும் வாங்கி, நிறத்தைக் கூட்டி, அசைவை வழவழப்பாக்கி, அப்புறம்தான் காட்டுகிறது. சினிமாவுக்கு இது பரவாயில்லை. கேமில் அந்த வேலை 100 மில்லிநொடியைத் தாண்டினால், கோல் கீப்பர் பாய்வதற்குள் பந்து வலைக்குள் போய்விடும்.

இதற்குத்தான் கேம் மோடு. அதைப் போட்டால் டிவி இந்த வேலைகளைப் பெரும்பாலும் விட்டுவிடும். 60 ஹெர்ட்ஸில் ஒரு படம் திரையில் நிற்பதே சுமார் 16.7 மில்லிநொடி. கேம் மோடில் லேக் 20 மில்லிநொடிக்குள் இருந்தால் அருமை, 30-க்குள் இருந்தால் தாராளமாக ஆடலாம். ஏ.எல்.எல்.எம். என்ற வசதி இருந்தால் கன்சோலைப் போட்டதும் டிவி தானாகவே கேம் மோடுக்குப் போகும். அது இல்லாவிட்டால் ரிமோட்டில் நாமே போட்டுக்கொள்ளலாம், அதற்காக ஒரு டிவியை ஒதுக்க வேண்டாம்.

கடையிலேயே சோதிக்க ஒரு வழி இருக்கிறது. உங்கள் கன்சோலை ஒரு பையில் போட்டு எடுத்துக்கொண்டு போங்கள். பெரம்பூரிலும் வண்ணாரப்பேட்டையிலும் இருக்கும் பெரிய ஷோரூம்களில், கூட்டமில்லாத வார நாள் காலையில் கேட்டுப் பாருங்கள். வாங்கும் எண்ணத்தோடு வந்திருக்கிறீர்கள் என்று தெரிந்தால் மாட்ட விடுவார்கள். முதலில் டிவியைக் கடைக்கான டெமோ மோடிலிருந்து வீட்டு மோடுக்கு மாற்றச் சொல்லுங்கள், பிறகு கேம் மோடைப் போடுங்கள். உங்களுக்குப் பழக்கமான ஒரு கேமைத் திறந்து, கன்ட்ரோலரில் இருக்கும் கட்டைவிரலும் திரையும் ஒன்றாகத் தெரியும்படி போனில் ஸ்லோ மோஷன் வீடியோ எடுங்கள். நொடிக்கு 240 படம் எடுக்கும் போனில் ஒரு படம் என்பது சுமார் 4 மில்லிநொடி. விரல் அழுந்தியதிலிருந்து ஆள் குதிக்கும்வரை எத்தனை படம் என்று எண்ணுங்கள்.

வரும் எண்ணில் கேமுடைய சொந்தத் தாமதமும் சேர்ந்திருக்கும். அதனால் அதைத் தனியாக எடுத்துக்கொண்டு பயப்படக் கூடாது. அதே கேமை, அதே இடத்தில், இரண்டு மூன்று டிவிகளில் எடுத்து ஒப்பிடுங்கள். குறைவாக வருவது எதுவோ அதுதான் வேகமான டிவி. எந்த விற்பனையாளரின் பேச்சும் இந்த வீடியோவுக்கு ஈடாகாது.

படி 4: 120 என்று எழுதியிருப்பதை அப்படியே நம்பாதீர்கள்

அட்டைப்பெட்டியில் பெரிதாக 120 என்று போட்டிருக்கும். உள்ளே பேனல் 60 ஹெர்ட்ஸாக இருக்கும். எம்.இ.எம்.சி. போன்ற பெயர்களில், இரண்டு படங்களுக்கு நடுவே டிவியே ஒரு படத்தைக் கற்பனையாகச் செய்து நுழைக்கும் வேலையைத்தான் பல நேரம் அப்படிச் சொல்கிறார்கள். அது லேக்கை ஏற்றும், கேமுக்கு உதவாது.

டி.எல்.ஜி. என்று இன்னொன்று உண்டு. 60 ஹெர்ட்ஸ் 4கே பேனல், படத்தின் துல்லியத்தைக் குறைத்துக்கொண்டு 120-ல் ஓடும். ஆன்லைன் சண்டை கேம் ஆடுகிறவருக்கு இது ஓரளவு பயன்படும். அதற்கு 4கே 120 டிவியின் விலையைக் கொடுத்துவிடக் கூடாது, அவ்வளவுதான்.

கன்சோலை டிவியோடு இணைக்கும் ஹெச்.டி.எம்.ஐ. துளைக்குப் பக்கத்தில் 2.1 என்று எழுதியிருப்பதும் உத்தரவாதம் இல்லை. 2.1-ல் உள்ள பல வசதிகள் கட்டாயம் கிடையாது. ஒன்றிரண்டை மட்டும் கொடுத்துவிட்டும் அந்தப் பெயரைப் போட்டுக்கொள்ளலாம். ஆகவே, தயாரிப்பு நிறுவனத்தின் இணையதளத்தில் அதே மாடல் எண்ணை, அதே இன்ச் அளவோடு தேடி இரண்டு விஷயங்களைப் பாருங்கள். ரெஃப்ரெஷ் ரேட் 120 அல்லது 144 என்று இருக்கிறதா? ஹெச்.டி.எம்.ஐ. வரியில் 4கே-வுக்குப் பக்கத்தில் 120 அல்லது 144 ஹெர்ட்ஸ் என்று இருக்கிறதா? இன்ச் அளவை ஏன் அழுத்திச் சொல்கிறேன் என்றால், ஒரே வரிசையில் 55-க்கு 120 கொடுத்துவிட்டு 43-க்கு 60 மட்டுமே கொடுப்பது சாதாரணமாக நடக்கிறது.

வி.ஆர்.ஆர். இருந்தால் கேம் வேகம் ஏறி இறங்கும்போது படம் கிழிந்தது போலத் தெரியாது. பி.எஸ்.5-க்கு இந்த வசதி 2022 ஏப்ரலில் வந்தது, ஆனால் ஹெச்.டி.எம்.ஐ. 2.1 வழி வி.ஆர்.ஆர். இருக்கும் டிவியில்தான் அது வேலை செய்யும். எக்ஸ்பாக்ஸ் ஃப்ரீசிங்க் என்ற வகையையும் ஏற்றுக்கொள்ளும். 120 டிவிக்குப் பணம் கொடுப்பதென்றால் வி.ஆர்.ஆர். கட்டாயம் இருக்கட்டும்.

படி 5: பேனலும் ஹெச்.டி.ஆரும்

வி.ஏ. பேனலில் கறுப்பு நன்றாகக் கறுப்பாக இருக்கும், பக்கவாட்டில் இருந்து பார்த்தால் நிறம் வெளுக்கும். ஐ.பி.எஸ். பேனலில் எந்தப் பக்கமிருந்தும் நிறம் மாறாது, இரவில் கறுப்பு சாம்பல் அடித்துத் தெரியும். தனியாக நேரே உட்கார்ந்து ஆடுபவருக்கு வி.ஏ. நல்லது. அண்ணன், தம்பி, பக்கத்து வீட்டுப் பையன்கள் என்று சுவரோரம் வரை உட்காரும் வீட்டுக்கு ஐ.பி.எஸ். நல்லது. க்யூ.எல்.இ.டி. என்பதும் எல்.சி.டி. வகைதான், நிறம் கொஞ்சம் செழிப்பாக இருக்கும்.

வெளிச்சத்தையும் இருட்டையும் இன்னும் எடுப்பாகக் காட்டும் ஹெச்.டி.ஆர். விஷயத்தில் கறாராக இருங்கள். வெளிச்சமான இடம் உண்மையிலேயே பளிச்சென்று தெரிய வேண்டுமானால் ஏறக்குறைய 600 நிட்ஸ் வெளிச்சம் வேண்டும். பட்ஜெட் டிவிகள் பல 250, 300-லேயே நின்றுவிடும். சிக்னலை ஏற்கும், அழகைக் காட்டாது. அதனால் ஹெச்.டி.ஆர். ஸ்டிக்கருக்காக ஒரு ரூபாய்கூட அதிகம் கொடுக்காதீர்கள். ஹெச்.டி.ஆரிலேயே ஒரு வகையான டால்பி விஷனை பி.எஸ்.5 கேமுக்கு அனுப்பாது, எக்ஸ்பாக்ஸ் சீரிஸ் அனுப்பும். அதையும் தெரிந்துகொண்டு பேசுங்கள்.

படி 6: பணம்

என் கணக்கு இது. 30,000 ரூபாய்க்குள் என்றால் 43 இன்ச், 4கே, 60 ஹெர்ட்ஸ், லேக் குறைந்த கேம் மோடு. அதற்குள் 120 தேடி அலைய வேண்டாம். 50,000-ஐ ஒட்டிச் செலவழிக்க முடிந்தால்தான் 55 இன்ச்சில் உண்மையான 120 அல்லது 144 பேனலைத் தேடலாம். நடுவில் 40,000 என்று நிற்பவர்களுக்கு என் பேச்சு இதுதான்: ஒன்று கீழே இறங்கி மிச்சம் பிடியுங்கள், இல்லை கொஞ்சம் பொறுத்திருந்து மேலே போங்கள். அந்த நடு விலையில் பெரும்பாலும் அளவுக்கும் பெயருக்கும்தான் பணம் போகிறது.

தனியாக ஆடுபவருக்கு இன்னொரு வழி, 27 இன்ச் 1440பி மானிட்டர். பி.எஸ்.5-க்கு 1440பி 2022 செப்டம்பரில் வந்துவிட்டது. டிவியைவிடக் குறைந்த விலையில் 120 கிடைக்கும். ஸ்பீக்கர் இல்லாவிட்டால் கன்ட்ரோலரிலேயே ஹெட்போனைச் செருகிக்கொள்ளலாம், அம்மா சீரியல் பார்க்கும் நேரத்தில் சண்டையும் வராது.

2025 செப்டம்பர் 22 முதல் 32 இன்ச்சுக்கு மேற்பட்ட டிவிகளுக்கான ஜி.எஸ்.டி. 28-லிருந்து 18 சதவீதமாகக் குறைந்தது. பழைய எம்.ஆர்.பி.யைக் காட்டி தள்ளுபடி என்று சொன்னால் இதை நினைவில் வையுங்கள். ஆடித் தள்ளுபடி, தீபாவளி, பொங்கல் மூன்றும் பேரம் பேச நல்ல காலம். பாரிமுனை, ரிச்சி ஸ்ட்ரீட், பர்மா பஜார் எங்கே வாங்கினாலும் மாடல் எண் போட்ட பில், பேனலுக்கு எத்தனை வருட வாரண்டி, சென்னையில் சர்வீஸ் யார் வந்து பார்ப்பார்கள் என்ற மூன்றும் கையில் வந்த பிறகே பணம் கொடுங்கள்.

படி 7: வீட்டுக்கு வந்ததும்

கன்சோலோடு வந்த ஹெச்.டி.எம்.ஐ. கேபிளையே பயன்படுத்துங்கள். டிவியில் எல்லாத் துளையும் ஒன்று போல இருக்காது. 120 என்றோ 4கே என்றோ குறித்திருக்கும் துளையில் மாட்டுங்கள். சில டிவிகளில் சவுண்ட்பாரின் இஆர்க் துளையும் அதுவாகவே இருக்கும், அப்போது கன்சோலுக்கே முன்னுரிமை.

அப்புறம் அந்தத் துளைக்கு முழு வேகத்தைத் திறந்துவிட வேண்டும். சோனியில் ஹெச்.டி.எம்.ஐ. சிக்னல் ஃபார்மட், சாம்சங்கில் இன்புட் சிக்னல் பிளஸ், எல்ஜியில் டீப் கலர் என்று பெயர் இருக்கும். பலரும் தொடாமல் விடுவது இதைத்தான்.

பி.எஸ்.5-ல் செட்டிங்ஸ் போய், ஸ்கிரீன் அண்ட் வீடியோவில் 120 ஹெர்ட்ஸ் அவுட்புட்டை ஆட்டோமேட்டிக் ஆக்குங்கள். கேம் பிரீசெட்டில் பெர்ஃபார்மன்ஸ் மோடைத் தேர்ந்தெடுங்கள். ஹெச்.டி.ஆரை, கேம் கேட்கும்போது மட்டும் வரும்படி வையுங்கள். அப்படியும் படம் மங்கினால் அணைத்துவிடுங்கள். எக்ஸ்பாக்ஸில் 4கே டிவி டீட்டெயில்ஸ் பக்கத்தைத் திறந்தால் டிவிக்கு எது முடியும், எது முடியாது என்று ஒவ்வொரு வரியாகக் காட்டிவிடும். சொன்ன வசதி அங்கே இல்லையென்றால் அந்தப் பக்கத்தைப் படம் எடுத்துக்கொண்டு நேராகக் கடைக்குப் போங்கள்.

இன்றைய டிவிகள் பலவும் 100 முதல் 240 வோல்ட் வரை தாங்கும், தனி ஸ்டெபிலைசர் பெரும்பாலும் தேவையில்லை. டிவியின் பின்பக்கம் எழுதியிருப்பதைப் பார்த்து உறுதி செய்துகொள்ளுங்கள். சர்ஜ் பாதுகாப்புள்ள ஸ்பைக் பஸ்டரும் ஒழுங்கான எர்த்தும் கட்டாயம். இடி இடிக்கும்போது மெயின் பிளக்கோடு கேபிள் டிவி வயரையும் கழற்றிவிடுங்கள், அந்த வயர் வழியாக வரும் திடீர் மின்பாய்ச்சல் செட்டாப் பாக்ஸைத் தாண்டி ஹெச்.டி.எம்.ஐ. வரை போகும். காசிமேடு, திருவொற்றியூர், எண்ணூர் என்று கடலோரம் இருப்பவர்கள் டிவியை ஜன்னலுக்கு நேரே வைக்காதீர்கள். உப்புக்காற்று துளைகளை அரித்துவிடும்.

மாற்றித் தரும் கெடு முடியும்வரை பெட்டியையும் தெர்மாக்கோலையும் பரணில் போட்டு வையுங்கள். அதற்குள் தினமும் ஆடி, முழு வெள்ளைத் திரையிலும் முழுக் கறுப்புத் திரையிலும் புள்ளி, கோடு எதாவது தெரிகிறதா என்று பார்த்துவிடுங்கள்.