வைத்தியசாலைப் புள்ளிவிபரத்தில் விபத்தைத் தேடுவது எப்படி?

கம்பஸ் கட்டுரைக்கோ, பத்திரிகைச் செய்திக்கோ, ஊர்ச் சங்கம் எழுதும் திட்ட முன்மொழிவுக்கோ "எங்கட மாவட்டத்தில் வருஷத்துக்கு எத்தனை பேர் விபத்தில் காயப்படுகிறார்கள், அதில் எத்தனை பேர் சாகிறார்கள்" என்று தேடுபவர்கள், சுகாதார அமைச்சின் மருத்துவப் புள்ளிவிபரப் பிரிவு வெளியிடும் வருடாந்த அறிக்கையைத் திறந்து, அனுமதி நிரலையும் மரண நிரலையும் எடுத்து வகுத்துப் போட்டுவிடுகிறார்கள். அவசரப்படாதீர்கள். அந்த எண் எங்கே, யாரால் எண்ணப்பட்டது என்று முதலில் பாருங்கள்.

இலங்கை அரச வைத்தியசாலைகளில் ஆட்கள் அனுமதிக்கப்படுவதற்கு முதற்காரணம் பல வருடங்களாகவே காயங்கள்தான். வார்ட்டில் நடக்கும் மரணங்களில் முதலிடம் இருதய நோய்க்கு. இந்த இரண்டையும் சேர்த்துப் பார்த்தால் "காயப்படுகிறவர்கள் நிறைய, சாகிறவர்கள் குறைவு" என்று தோன்றும். பாதி உண்மை.

ஒரு உதாரணம். களுவாஞ்சிக்குடிப் பக்கம் ஒருவர் தென்னையிலிருந்து விழுந்து தொடை எலும்பு முறிகிறது என்று வையுங்கள். முதலில் களுவாஞ்சிக்குடி ஆதார வைத்தியசாலை, அங்கிருந்து அம்புலன்ஸில் மட்டக்களப்பு போதனா வைத்தியசாலை. அறிக்கையில் அவர் இரண்டு அனுமதி, ஏனென்றால் ஒவ்வொரு வைத்தியசாலையும் தான் துண்டு வெட்டி (வீட்டுக்கோ வேறு வைத்தியசாலைக்கோ) அனுப்பிய ஆட்களைத்தான் எண்ணும். அப்புறம், ரெக்கோட் றூமில் பதிவது "தொடை எலும்பு முறிவு". மரத்திலிருந்து விழுந்தாரா, மோட்டார் சைக்கிளிலிருந்து விழுந்தாரா, யாரும் அடித்தார்களா என்பது அந்தப் பதிவுக்கு இடும் குறியில் (எழுத்தும் எண்ணும் சேர்ந்த அடையாளம்) இல்லை.

இதுதான் பெரிய சிக்கல். இந்தக் குறிகளைத் தரும் நோய்களின் சர்வதேச வகைப்படுத்தலின் 10ஆம் பதிப்பில் காயத்தின் தன்மைக்கு எஸ் (S), டி (T) எழுத்துகள், காரணத்துக்கு வி (V), டபிள்யூ (W), எக்ஸ் (X), வை (Y) எழுத்துகள். தற்செயலான விபத்து என்றால் வி 01 முதல் எக்ஸ் 59 வரை; அதற்குள் நீரில் மூழ்குதல் டபிள்யூ 65 முதல் 74 வரை, விஷப்பாம்பு எக்ஸ் 20. தன்னைத்தானே வருத்திக்கொள்வது எக்ஸ் 60இல் தொடங்குகிறது. அட்டவணையில் "காயங்கள்" என்று மொத்தமாக வருவது எஸ், டி குறிகளால் ஆனது, அதனால் அடிதடியும் அதற்குள் கிடக்கும். தீக்காயம், பாம்புக்கடி, கிருமிநாசினி (பயிருக்கு அடிக்கும் பூச்சி மருந்து) நஞ்சு தனி வரிசைகள். கிருமிநாசினி வரிசையை அப்படியே விபத்துக் கணக்கில் சேர்த்துவிடாதீர்கள், அதில் வேண்டுமென்றே குடித்தவர்களும் இருக்கிறார்கள்.

மரணங்களுக்கு வருவோம். பாசிக்குடாக் கடலிலோ, வாவியிலோ, வீட்டுக் கிணற்றிலோ மூழ்கி அங்கேயே இறந்தவர் வார்ட்டில் அனுமதிக்கப்படுவதே இல்லை. வெல்லாவெளிப் பக்கம் யானை அடித்து வயலிலேயே இறந்தவரும் அப்படித்தான். இவர்களுக்குத் திடீர் மரண விசாரணை அதிகாரி வருவார், மரணம் பதிவாகும், ஆகவே பதிவாளர் நாயகம் திணைக்களத்தின் புள்ளிவிபரத்தில்தான் தேட வேண்டும். அதிலும் மரணம் நடந்த இடத்தில்தான் பதிவு. அம்பாறையில் அடிபட்டு கண்டியில் இறந்தவர் கண்டிக் கணக்கு.

பாம்புக்கடியில் இடைவெளி எவ்வளவு என்று ஓரளவு தெரியும். 2012-13இல் நாடு முழுக்க வீடு வீடாகக் கேட்ட ஆய்வில் வருடத்துக்குச் சுமார் 80,000 கடிகள், 400க்கு மேற்பட்ட மரணங்கள் என்று கணித்தார்கள். வைத்தியசாலைகளில் பதிவாவது அந்தக் கடிகளில் பாதிகூட இல்லை. விஷகடி வைத்தியரிடம் போகிறவர்களை யார் எண்ணுகிறார்கள்?

அம்பாறை பற்றி எழுதுகிறவர்கள் கவனிக்க: சுகாதார அறிக்கையில் கல்முனை தனிப் பிராந்தியம். "அம்பாறை" என்ற வரியை மட்டும் எடுத்தால் கல்முனை, சம்மாந்துறை, அக்கரைப்பற்று, பொத்துவில் எல்லாம் விடுபட்டுப் போகும். இரண்டையும் கூட்டிவிட்டு, பிறகு மாவட்டச் சனத்தொகையால் (2012 தொகைமதிப்பில் ஏறத்தாழ 6.5 இலட்சம்) வகுத்து இலட்சத்துக்கு எத்தனை என்று எடுங்கள். மரண எண்ணிக்கை சிறிதாக இருந்தால் ஒரு வருடத்தை வைத்து எதுவும் சொல்ல வேண்டாம், ஒரே ஒரு வான் விபத்தே வீதத்தைத் தூக்கிவிடும். மூன்று நான்கு வருடங்களைச் சேர்த்துச் சராசரி பாருங்கள். அந்த வருடங்களுக்குள் 2004 வந்தால் சுனாமியைத் தனியாக வைக்க வேண்டும், இல்லாவிட்டால் வரைபடம் முழுவதும் அந்த ஒரு நாள்தான் தெரியும்.

அச்சிட்ட அட்டவணை போதாதென்றால் தகவல் அறியும் உரிமைச் சட்டம் (2016, இலக்கம் 12) இருக்கிறது. "விபத்துப் பற்றிய தகவல்" என்று பொதுவாகக் கேட்டால் உங்களுக்கு ஏற்கெனவே தெரிந்த அட்டவணைதான் திரும்பி வரும். வருடம், வைத்தியசாலை, குறி, வயது, பால், வீடு போனாரா, இடமாற்றமா, மரணமா என்று பிரித்து எழுதுங்கள்; பெயர் கேட்காதீர்கள். தருவார்களா மாட்டார்களா என்பதை 14 வேலைநாட்களுக்குள் சொல்ல வேண்டும். போதனா வைத்தியசாலை மத்திய அமைச்சின் கீழ் என்பதால் அதற்குத் தனி விண்ணப்பம். அம்பாறை என்றால் அம்பாறைப் பிராந்திய சுகாதார சேவைகள் பணிமனைக்கு ஒன்று, கல்முனைக்கு இன்னொன்று.